பொன்னாடைக்குப் பதிலாக ஒரு புத்தகம்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்காகத் தைத்த 22 நோட்டுகள்

சாத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். 2022-இல் அமைந்த எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் காலம் 2024 ஜூலையோடு முடிய இருந்தது. ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் புதுக் குழு வரப்போகிறது என்றதும், போகிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு டீ, ஒரு குரூப் போட்டோ. வழக்கமாக நடப்பது அதுதான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பொன்னாடை யாருக்குப் போர்த்தினாலும் ஒன்றுதான். தொட்டிக்குள் இறங்கிப் பாசியைச் சுரண்டியவருக்கும் அதே பொன்னாடை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டவருக்கும் அதே பொன்னாடை. நீங்கள் செய்தது எங்கள் கண்ணில் பட்டது என்று அது யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் ஊர் நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபது பேர் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். தலைவரும் ஒரு மாணவியின் அம்மாதான். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் குழுவில் இருந்த அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கோ, பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கோ போகிறவர்கள். பலருக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குழுக் கூட்டம் என்று நாங்கள் செய்தி அனுப்பினால், அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் வந்து பாயில் உட்காருகிறார்கள். இரண்டு வருஷம் அப்படி வந்திருக்கிறார்கள்.

எங்கப்பா டவுனில் பைண்டிங் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூட நோட்டு, கோர்ட்டுக் கட்டு, கணக்குப் பேரேடு எல்லாம் கடைக்கு வரும். லீவு நாளில் நானும் தையல் போடுவேன். அந்தக் கைப்பழக்கம் இருந்ததால், ஆளுக்கொரு புத்தகம் கட்டிக் கொடுக்கலாமே என்று தோன்றியது. அவரவர் என்ன செய்தார் என்று பிள்ளைகள் எழுத வேண்டும், நாங்கள் அதைக் கெட்டி அட்டை போட்டுத் தைத்துக் கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியரையும் என்னையும் கழித்தால் பதினெட்டு புத்தகம். கையில் நான்கு வாரம் இருந்தது.

முதல் வாரம் முழுக்க எழுத்து வேலை. "குழு உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள்" என்று ஆறாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முப்பது பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றையே எழுதித் தந்தார்கள்: "தாங்கள் எங்கள் பள்ளிக்குச் செய்த உதவிகளுக்கு மனமார்ந்த நன்றி." கடிதம் எழுதும் பாடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்த வாக்கியம். பிள்ளைகள் மேல் தப்பில்லை, கேட்ட கேள்வி அப்படி.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். பெயரைச் சொல்லி, "இவங்களைப் பள்ளிக்கூடத்தில் எந்த இடத்தில் பார்த்தே? அப்போ கையில் என்ன இருந்துச்சு? என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். நன்றி என்ற சொல்லே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அப்புறம் வந்தது வேறு எழுத்து.

"தலைவர் அம்மா காலையில் உப்புமாவை முதல் ஆளாக வாயில் போட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததால் ஊதி ஊதிச் சாப்பிட்டார். ஆபீஸ் வேன் ஹாரன் அடித்தது. தட்டை வைத்துவிட்டு ஓடினார்." இது நான்காம் வகுப்புப் பையன் எழுதியது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கும் வந்த பிறகு, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதைத் தலைவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். நான் வந்து சேர்வதற்குள் அவர் வேன் ஏறியிருப்பார். ஒரு வருஷமாக நடந்ததை ஒரு பிள்ளையின் நோட்டில் படித்துத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது.

இன்னொரு பெண் எழுதியது: "எங்க அம்மா இல்லாதப்ப எனக்குச் சடை பின்னி விட்டார். ரிப்பன் அவங்க மகளோடது." இது ஒரு வார்டு உறுப்பினரைப் பற்றி. கூட்டத்தில் அதிகம் பேசாதவர் அவர். தீர்மானப் பதிவேட்டில் தேடினால் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது.

இந்தக் கேள்வியால் எதிர்பாராத ஒன்று நடந்தது. குழுவில் பெயரே இல்லாதவர்கள் தாளில் வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் மெயின் ரோட்டில் சிவப்புத் துண்டை ஆட்டி லாரியை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்கவிடும் தாத்தா. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மக்கர் செய்யும்போதெல்லாம் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுக்கும் அண்ணன். சீருடையில் பட்டன் போனால் நின்ற இடத்திலேயே தைத்துக் கொடுக்கும் தையல்கார அக்கா. அப்புறம் ஓர் அப்பத்தா. பதிவேட்டில் இருப்பது அவருடைய மருமகளின் பெயர். மருமகளுக்கு வேலையை விட்டு வர முடியாததால் பாதிக் கூட்டங்களுக்கு வந்ததும், காலையில் கைகழுவும் இடத்தில் நின்று சின்னப் பிள்ளைகளை வரிசையாக விட்டதும் அப்பத்தாதான். பதிவேட்டை மட்டும் பார்த்துப் புத்தகம் கட்டியிருந்தால் நாலு பேரை விட்டிருப்போம். பதினெட்டு, இருபத்திரண்டானது.

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன்.

ஒரு புத்தகத்துக்கு நாலு தாள். நாலையும் நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். முதல் பக்கத்தில் பெயர், 2 முதல் 12 வரை பிள்ளைகளின் எழுத்தும் படமும், கடைசி நாலு பக்கம் வெறுமை. தைத்த பிறகு எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை மை கொட்டினாலும் முழுப் புத்தகமும் போய்விடும். அதனால் தைப்பதற்கு முன்பே எழுதி வாங்கினோம். ஆனால் மடித்த தாளில் எந்தப் பக்கம் எங்கே வரும் என்று முதலிலேயே பென்சிலில் எண் போட்டுவிட வேண்டும். வெளித்தாளில் 1, 2, 15, 16. அடுத்ததில் 3, 4, 13, 14. அதற்கடுத்து 5, 6, 11, 12. நடுத்தாளில் 7, 8, 9, 10. எட்டாம் வகுப்பில் இதைப் பலகையில் போட்டதும், விரித்த தாளில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வருகிறது என்று ஒரு பெண் சொன்னாள். அன்றிலிருந்து எண் போடும் பொறுப்பு அவளுடையது.

காகிதத்தில்தான் முதல் அடி சறுக்கியது. கடையில் கிடைக்கும் ஏ4 தாளை மடித்து மாதிரிக்கு இரண்டு புத்தகம் தைத்தேன். திறந்தால் பக்கம் படியாமல் விறைத்து நின்றது. காகிதத்துக்கும் துணி மாதிரி ஓட்டம் உண்டு. நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் தாள் சுலபமாக மடியும். ஏ4 தாளில் பெரும்பாலும் ஓட்டம் நீளவாட்டில் இருக்கும். அதைக் குறுக்கே மடிக்கும்போது ஓட்டத்தை எதிர்த்து மடிக்கிறோம், அதனால்தான் அந்த விறைப்பு. அப்பா தாளைக் கையில் வளைத்துப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடுவார். ஒரு வாட்டில் மெத்தென்று வளையும், இன்னொரு வாட்டில் எதிர்த்து நிற்கும். சனிக்கிழமை சிவகாசிக்குப் போய்ப் பெரிய தாளாக 80 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ என்ற எழுதும் தாள் வாங்கி, ஓட்டம் முதுகோடு, அதாவது புத்தகம் மடியும் ஓரத்தோடு, போகும்படி அங்கேயே வெட்டு மிஷினில் போட்டு எடுத்து வந்தேன். அச்சகங்களும் காகிதக் கடைகளும் நிறைந்த ஊர். எனக்கு இன்ன வாட்டில் ஓட்டம் வேண்டும் என்று சொன்னால் மறுகேள்வி கிடையாது.

தையலுக்கு ஐந்து துளை. 210 மில்லிமீட்டர் முதுகில் நடுவே ஒன்று, அதிலிருந்து மேலும் கீழும் 45 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நாலு. ஓர் அட்டைத் துண்டில் இந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் 22 புத்தகத்துக்கும் அதுவே போதும். நூல், முதுகு நீளத்தைப் போல மூன்று மடங்கு. மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேலே அடுத்த துளையில் உள்ளே போய், மேல்கோடித் துளையில் வெளியே வந்து, திரும்ப முந்தைய துளையிலேயே உள்ளே வர வேண்டும். இப்போது நடுத்துளையைத் தாண்டிக் கீழே போய், அங்கே அடுத்த துளையில் வெளியே, கீழ்கோடியில் உள்ளே, முந்தைய துளையில் வெளியே, கடைசியாக நடுத்துளையில் உள்ளே. நடுவில் நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையும் அந்தப் பக்கம் ஒரு முனையும் இருக்கும். இரண்டையும் அதன்மேல் முடிந்தால் தையல் நகராது. நூலை இழுக்கும்போது முதுகின் வாட்டிலேயே இழுக்க வேண்டும். நேரே மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் இதை ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மேலட்டைத் துணிக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். பிள்ளைகளின் சீருடைத் துணியிலேயே அட்டை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தையல்கார அக்காவிடம் கேட்டதும் ஒரு பை நிறைய வெட்டுத் துணி கொடுத்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கே ஒரு புத்தகம் அந்தத் துணியில் தயாராகிறது என்று அவருக்குத் தெரியாது.

மைதாப் பசை காய்ச்சினேன். 100 கிராம் மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைச் சேர்த்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். அப்பா கடையில் இதில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காது. துத்தம் விஷம். பிள்ளைகள் கைபடும் வேலை, வீட்டில் கைக்குழந்தை தொடும் புத்தகம் என்பதால் நான் போடவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் புதிதாகக் கொஞ்சம்போல் காய்ச்சிக்கொண்டேன்.

முதல் நாலு அட்டையும் வீணாகிவிட்டன. பசை, துணி வழியாக ஊறி வெளிப்பக்கம் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. அதோடு சீருடைத் துணியில் பாலியெஸ்டர் கலப்பு இருக்கும். வெறும் மைதாப் பசைக்கு அது சரியாகப் பிடி கொடுக்கவில்லை, மறுநாள் காலையில் மூலைகள் எழும்பி நின்றன. இரண்டு மாற்றம் செய்தேன். துணியின் பின்பக்கம் மெல்லிய நியூஸ்பிரிண்ட் தாளை ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் அதை அட்டையில் ஒட்டினேன். பசையில் மூன்றில் ஒரு பங்கு ஃபெவிகால் கலந்தேன். அதன்பிறகு திட்டும் இல்லை, மூலையும் எழும்பவில்லை.

அட்டை 2 மில்லிமீட்டர் தடிமன். உயரம் 216, அகலம் 145. இரண்டு அட்டைக்கும் நடுவில் முதலில் 6 மில்லிமீட்டர்தான் விட்டிருந்தேன். புத்தகம் திறக்கும்போது கீல் இல்லாத கதவு மாதிரி முறைத்தது. 12 விட்டதும் சரியாக மடிந்தது. மூலையில் துணியை வெட்டும்போது அட்டை முனையை ஒட்டி வெட்டிவிடாமல் 3 மில்லிமீட்டர் விட வேண்டும். விடாவிட்டால் முனையில் அட்டை வெளியே எட்டிப் பார்க்கும்.

வெளியே மட்டும் துணி ஒட்டி வைத்தால் அட்டை அந்தப் பக்கமாக வளையும். உள்பக்கம் தாள் ஒட்டிய பிறகு அது திரும்ப இழுத்து நேராகும், ஆனால் பாரத்தின் கீழ் காய வேண்டும். பள்ளியில் மிச்சம் கிடந்த செங்கற்களைக் காகிதத்தில் சுற்றிப் பாரம் வைத்தோம். முதல் தொகுதியை இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் மூன்று புத்தகத்தின் உள்ளட்டையில் பச்சைப் புள்ளிகள். ஆனி மாதக் காற்றை நம்பியது தப்பு, செங்கலுக்கு அடியில் காற்றே போகாது. உள்ளட்டையைப் பிரித்துப் புதிதாக ஒட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு புத்தகத்துக்கும் இடையில் பழைய செய்தித்தாள் வைத்தேன். முதல் நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தாளை மாற்றினோம். அதற்கு ஒரு பிள்ளை பொறுப்பு. வேலையிலேயே கஷ்டமான பகுதி இந்தக் காத்திருப்புதான்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள் கிரேயானில் இருந்தன. புத்தகம் பாரத்தில் இருந்தபோது மெழுகு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கங்களுக்கு நடுவில் மட்டும் பட்டர் பேப்பர் வைத்தோம். அப்பத்தாவின் புத்தகம் முழுக்கப் படம்தான், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினோரு பிள்ளைகள் வரைந்தார்கள். பதினோரு படத்திலும் இடுப்பில் சுருக்குப் பை இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் அது அவர் தலையை விடப் பெரிசு.

மொத்தச் செலவு 1,460 ரூபாய். ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். பள்ளி நிதியிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பணத்தைக் காப்பதும் அந்தக் குழுவின் வேலைதான், அதிலேயே அவர்களுக்குப் பரிசு வாங்குவது முறையாகாது.

கொடுப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எடுத்தோம். ஆபீஸ் லீவு, யாருக்கும் கூலி போகாது. மேடை, மைக் இல்லை. வேப்பமரத்தடியில் வழக்கமாகக் கூட்டம் நடக்கும் பாய்கள்தான். டீ, சாத்தூர் சேவு. எழுதிய பிள்ளையே அவரவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் இருபத்தோரு இடத்தில் வாசிப்பு நடந்தது. பொதுவில் வாசித்திருந்தால் கூச்சப்பட்டிருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தலைவருக்கு அந்த நாலாம் வகுப்புப் பையன் வாசித்தான். பாதியிலேயே நிறுத்தி, "அன்னிக்கு உப்புமா இல்லடா, கிச்சடி. சூடு தாங்கல" என்றார். அவன் பென்சிலை எடுத்து ஓரத்தில் "கிச்சடி" என்று எழுதினான். அப்புறம் அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் வந்ததை யாரும் பார்க்கலன்னுதான் டீச்சர் நெனச்சிருந்தேன்" என்றார்.

ரோட்டுத் தாத்தா வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் தனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் நாலரை மணிக்கு மூன்று பிள்ளைகள் அவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். எல்லாரையும் கடக்கவிட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டாராம். தையல்கார அக்கா உள்ளே பார்ப்பதற்கு முன்னால் அட்டையைத் தடவிப் பார்த்தார். "இது என் கடைத் துணில்ல" என்று சிரித்தார். அப்பத்தா தன் புத்தகத்தின் ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, "இது ஆரு வரைஞ்சது?" என்று கேட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். பதினொன்றையும் முடிக்காமல் எழுந்திருக்கவில்லை.

செய்யத் தவறியதையும் எழுதி வைக்கிறேன். இரண்டு உறுப்பினர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் எழுத ஒன்றுமே இல்லை. அவர்கள் வேலை முழுக்க வெளியே, அலுவலகங்களில் மனுவோடு நடந்தது. பிள்ளைகள் கண்ணில் அது படவே இல்லை. கடைசி நேரத்தில் நானே அவர்களுடைய பக்கங்களை எழுதினேன், மற்றவற்றைப் போல அமையவில்லை. இப்போது ஒவ்வொரு மாதக் கூட்டம் முடிந்ததும், அந்த மாதம் யார் எங்கே போய் வந்தார்கள் என்று மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் சொல்லிவிடுகிறோம். புதுக் குழுவில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். அவர்களுக்கான குறிப்பு நோட்டை முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் பழைய தலைவர் தன் புத்தகத்தோடு வந்தார். கடைசி நாலு வெறும் பக்கத்திலும் பேனாவில் நெருக்கமாக எழுதியிருந்தார். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சத்துணவுக் கூடத்துக் கூரையில் வடக்கு மூலை ஒழுகுகிறது. எந்த மனு யாரிடம் கொடுத்தது, எந்தத் தேதியில், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள். புதுத் தலைவருக்குச் சொல்லிக் கொடுக்க எழுதியதாகவும், இடம் போதவில்லை என்றும் சொன்னார். "இன்னும் கொஞ்சம் தாள் வச்சுத் தைக்க முடியுமா டீச்சர்?"

முடிச்சை அவிழ்த்து, பழைய துளைகளிலேயே இன்னும் நாலு தாள் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். முதுகில் விட்ட 12 மில்லிமீட்டர் அதையும் தாங்குகிறது.